எழுத்தா, ஏழு ஆண்டா?

என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

மேடைப் படியேறி நிமிர்ந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கூட்டம் என்றால் என் அம்மா வேலியோரமாக நிற்பவள். எந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்களோ, ஓட வேண்டுமே என்று ஒரு காலை முன்னே வைத்தே நிற்பவள். இன்று நடுப்பெஞ்சில், மடியில் கையை வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று விடிந்ததிலிருந்து அவளை "ஏய் டயான், வா இங்கே" என்று கூப்பிட இந்த நியூயார்க் மாநிலத்தில் எவருக்கும் உரிமை இல்லை!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். நீங்கள் தட்டும் நேரத்தில் நான் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

இன்றைய நாளுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும், இரும்பையும் வளைத்து எங்கள் இதயங்களையும் வளைத்த பெரியவர் இசையா ஹாஸ்பரூக் ஐயா அவர்களே! நீலப் பட்டையைத் தோளில் அணிந்து, ஊர்வலத்தில் ஒரு காலடி தப்பாமல் நடத்தி வந்த அண்ணன்மார்களே! எஜமான்கள் வயலில் அறுத்து, அவர்கள் மாட்டைக் கறந்து, அவர்கள் மரத்தை வெட்டி, அவர்கள் வீட்டைக் கட்டிய என் தந்தையரே! பிறர் பிள்ளைக்குப் பாலைக் கொடுத்து, பெற்ற பிள்ளைக்குப் பாட்டை மட்டும் கொடுத்த என் தாய்மார்களே! ஆப்பிள் மரத்தின் மேல் அமர்ந்து என் மேல் காய் எறிய யோசித்துக்கொண்டிருக்கும் தம்பிகளே! வேலிக்கு அப்பால் வண்டியில் அமர்ந்திருக்கும் யோஸ்ட் வான் டெர்லின் ஐயா அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

எல்லோரும் ஒரேயடியாக வேலிப்பக்கம் திரும்பாதீர்கள். அவருக்கும் என்னைப்போல வெட்கம் அதிகம்.

என்ன? கேட்கவில்லையா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவே இல்லையா? சரி. இப்போது? நன்றி. எனக்குக் குரல் சின்னது. வான் டெர்லின் வீட்டு அடுக்களையில் அதற்கு மேல் குரல் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நான் நிற்க வேண்டியவளே இல்லை. ஆல்பனியிலிருந்து பெரிய பேச்சாளர் ஒருவர் வர வேண்டும். அவருக்கு முன்னால் நம் விடுதலைச் சட்டத்தை உரக்க வாசிக்க இன்னொருவரும் வர வேண்டும். இருவரும் ஒரே பாய்மரப் படகில் ஏறினார்கள். படகு ஹட்சன் ஆற்றின் நடுவில் நிற்கிறது. காற்று இல்லை! நேற்று வெள்ளையர்கள் பீரங்கி முழக்கித் தங்கள் சுதந்திர நாளை, ஜூலை நான்கைக் கொண்டாடினார்களே, அதிலே ஊரிலிருந்த காற்றெல்லாம் தீர்ந்துவிட்டதோ என்னவோ. ஆக, பெரிய பேச்சு ஆற்றில் இருக்கிறது. மேடையில் இருப்பது நான்.

காலையில் ஊர்வலம் கிளம்பும் முன் இசையா ஐயா நம் எல்லோரையும் பார்த்து என்ன கேட்டார்? உங்களுக்கே நினைவிருக்கும்.

"அப்பா, அம்மா, யாருக்காவது வாசிக்க வருமா? எனக்குக் கொல்லுப்பட்டறை நெருப்பு கண்ணைத் தின்னுருச்சு. சட்டத்தை வாசிக்காம விடுதலை நாளா? கல்யாணத்துல பொண்ணே இல்லாத மாதிரி இருக்காதா?"

யார் வாய் திறந்தார்கள்? ஒருவரும் இல்லை. நம்மில் வாசிக்கத் தெரிந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த அத்தனை பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். அத்தனை பேரும் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். அவர்கள் தாய்மார்கள் அவர்களின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏன்? நாம் எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் உரக்கச் சொன்னதில்லை. இன்று நான் சொல்கிறேன்.

நம் சட்டம் ஒரு நாளைக் குறித்தது. அந்த நாளுக்கு முன் அடிமையாகப் பிறந்தவர்களுக்கெல்லாம் நேற்று முதல் விடுதலை என்றது. அந்த நாளுக்குப் பின் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு? "நீ பிறக்கும்போதே சுதந்திரமானவள்" என்றது. கேட்க எவ்வளவு இனிப்பு! இஞ்சி ரொட்டி தோற்றுப்போகும்! ஆனால் அடுத்த வரியிலேயே, "பெண்ணாகப் பிறந்திருந்தால், இருபத்தைந்து வயது வரை உன் தாயின் எஜமானுக்கு வேலை செய்" என்றது. விளைவு என்ன? அடிமையாகப் பிறந்த என் அம்மா இன்று சுதந்திரமானவள். சுதந்திரமாகப் பிறந்த நான் இன்று மாலை மாடு கறக்கத் திரும்பிப் போக வேண்டும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

அதே சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னலும் இருக்கிறது. எஜமான் இந்தப் பிள்ளைக்கு வேதாகமத்தை வாசிக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். கற்றுக் கொடுக்காமல் விட்டால், பதினெட்டு வயதிலேயே அவளை விட்டுவிட வேண்டும். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். எஜமான்கள் பயந்து பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நம் பக்கத்தில் நடந்தது என்ன? எழுத்து தெரிந்தவள் இருபத்தைந்து வரை உழைக்க வேண்டும், தெரியாதவள் பதினெட்டில் போகலாம் என்று ஆகிவிட்டது. நம் தாய்மார்கள் இதைக் கேட்டார்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், எந்தத் தாய் யோசிக்க மாட்டாள்? எழுத்தா, ஏழு ஆண்டா? பனிக்காலம் முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிவிட்டன.

எனக்கு இப்போது பதினாறு வயது. நான் வாசிப்பேன். இதை வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொல்கிறேன்.

"ஐயோ!" என்று யாரோ சொன்னீர்கள். மிங்க் மாமாதானே? குரல் தெரிகிறது மாமா. கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் வருகிறேன்.

நான் வார நாளில் பள்ளிக்குப் போனது சின்ன வயதில் ஒரே ஒரு பனிக்காலம். அதிலும் பாதி. பன்றி அறுக்கும் வேலை வந்தது, "போதும், நீ படிச்சுக் கிழிச்சது" என்று நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை நான் யாரிடம் கற்றேன் தெரியுமா? அதோ அந்த வண்டியில் இருப்பவரிடம்! அவருக்கே தெரியாமல்! யோஸ்ட் ஐயா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். சின்ன வயதில் அடுக்களை மேசையில் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிப்பார். எதிரே நான் அவரை உரிப்பேன்.

அவரை உரிப்பேன் என்றால் பீன்ஸ் அவரையைச் சொன்னேன், அவரை இல்லை! சிரித்தது போதும், வண்டியில் இருப்பவரும் சிரிக்கிறார்.

ஒரு நாள் அவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு திணறினார். நான் மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுது."

"புத்தகம் என் பக்கம்ல இருக்கு? உனக்குத் தலைகீழால்ல தெரியும்?"

"எனக்குத் தலைகீழாத்தான் வரும், ஐயா. நேரா வெச்சா கொஞ்சம் யோசிக்கணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. அம்மாகிட்ட மூச்சு விடாதே. நானும் விட மாட்டேன்" என்றார். விடவில்லை. இந்த ஆண்டு அவருடைய அம்மா, எங்கள் எஜமானியம்மா, எத்தனையோ முறை கேட்டார்: "யோஸ்ட், அவளுக்கு எழுத்து தெரியுமா? உண்மையைச் சொல்லு." "எனக்கென்னம்மா தெரியும்?" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். இன்று நான் இங்கே வாசிக்கிறேனா என்று பார்த்து வரத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். சாட்சிக்கு மாவு மில் முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாசித்தால், கேட்டேன் என்று நீதிபதி முன் போய்ச் சொல்வார்கள். வான் டெர்லின் வீட்டில்தான் கற்றாள் என்பார்கள். பதினெட்டில் திறக்க இருந்த ஜன்னல் மூடிவிடும். என் வாழ்வில் ஏழு ஆண்டு அவர்கள் வீட்டு அடுக்களைக்குப் போய்விடும்.

இதுதான் இன்று இந்த மேடையில் இருப்பது. வேறொன்றும் இல்லை.

"வாசிக்காதேம்மா, இறங்கி வா" என்கிறீர்கள். அந்த அன்பு எனக்குத் தெரியும். அந்த அன்பில்தான் ஓர் ஆண்டாக நான் ஊமையாக இருந்தேன். ஊமையாக இருப்பது எப்படி என்று நினைக்கிறீர்கள்? வாயை மூடினால் போதும் என்றா? இல்லை தாய்மார்களே! கண்ணையும் மூட வேண்டும். கடையின் பலகையைக் கண்டால் கண்ணை வேறு பக்கம் திருப்ப வேண்டும். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். எனக்குத்தான் அதிலும் பயனில்லையே!

போன இலையுதிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா இருந்தது எங்கள் எஜமானின் மைத்துனர் பண்ணையில். அம்மாவை அவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை இங்கே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பார்த்துக்கொள்வது அபூர்வம். ஒரு மத்தியானம் நான் அடுக்களைக்குள் வந்தேன். மேசைமேல் கற்பலகை. அதில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: "சபினா, உன் அம்மா மில்லில் இருக்கிறாள். பொழுது சாயும் வரை இருப்பாள். போய்ப் பார்த்துவிட்டு வா."

எஜமானியம்மா மூலையில் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். ஊசி ஓடியது. கண் மட்டும் என் மேல் நின்றது.

உறவுகளே, என் கால் எழுந்தது. என்னையும் மீறி வாசல் பக்கம் எழுந்தது! மில் எவ்வளவு தூரம்? மேட்டை இறங்கினால் மில். என் அம்மா அங்கே, சோளமூட்டைமேல் உட்கார்ந்து, வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்தேன்? ஈரத்துணியை எடுத்தேன். மேசையைத் துடைத்தேன். அந்தக் கற்பலகையையும் சேர்த்துத் துடைத்தேன். அம்மா என்ற சொல் இருந்த இடம் கறுப்பாகி மின்னியது.

"பலகைல என்னமோ எழுதியிருந்துச்சே?" என்றார் எஜமானியம்மா.

"அழுக்குன்னு நெனைச்சேன், அம்மா" என்றேன்.

அன்று பொழுது எவ்வளவு மெதுவாகச் சாய்ந்தது! ஜன்னல் விளிம்பில் வெயில் ஒட்டிக்கொண்டு, போகவே மாட்டேன் என்றது. நான் அவரை உரித்தேன். எத்தனை உரித்தேன், எங்கே போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் தோலைச் சட்டியிலும் கொட்டையைப் பன்றிக்கும் போட்டிருக்கிறேன்.

பிறகு தேவாலய வாசலில் அம்மாவைப் பார்த்தேன். "ஏண்டி வரலை? சூரியன் போற வரைக்கும் ஒக்காந்திருந்தேன்" என்றாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். "வராததும் நல்லதுக்குத்தான். கெட்டிக்காரி" என்றாள். சொல்லிவிட்டுச் சால்வை நுனியால் என் மூக்கைத் துடைத்தாள். என் மூக்கில் ஒன்றும் இல்லை.

இது ஒரு சட்டம் செய்யும் வேலையா? தாயைப் பார்க்காதவள் கெட்டிக்காரி என்று தாயே மெச்ச வேண்டுமா? சொல்லுங்கள்!

இருந்தும் நான் ஊமையாகவே இருந்திருப்பேன். மிங்க் மாமா சொன்னதைக் கேட்டு இன்னும் இரண்டு பனிக்காலம் பல்லைக் கடித்திருப்பேன். என் ஊமைத்தனத்தைக் கெடுத்தவள் ஒரு சின்னப் பெண். அதோ, முன்வரிசையில், காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாளே, அந்த ஹெட்டி. ஒளியாதே ஹெட்டி, உன்னைத் திட்டப் போவதில்லை. பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கற்றவள் அவள்தான். எழுத்துக்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டே தண்ணீர் தூக்குவாள். நான்கைந்து வாரத்துக்கு முன் ஸ்ட்ராபெரி பொறுக்கும்போது என் பக்கத்தில் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நான் மறந்துக்கிட்டு இருக்கேன்."

"எதைடி?"

"எழுத்தை. அம்மா மறக்கச் சொல்லிருக்கு. தினமும் ஒண்ணு மறக்குறேன். ஏ-லேருந்து எம் வரைக்கும் மறந்தாச்சு!"

"மறந்துட்டா எம்முன்னு எப்படிடி சொல்ற?"

அவள் யோசித்தாள். முகம் விழுந்துவிட்டது. "அப்ப அதை இன்னொரு தடவ மறக்கணுமா?" என்று கேட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரிப்பாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கினேன், நடந்தேன், வேலி தாண்டினேன், அதன் பிறகு என்னால் நடக்க முடியவில்லை.

என் உறவுகளே! உலகத்தில் பிள்ளைகள் கற்பதைக் கண்டு மகிழ்ந்த தாய்மார்கள் உண்டு. பிள்ளை மறப்பதைக் கண்டு மகிழ வேண்டிய தாய்மார்கள் எங்கேயாவது உண்டா? நம் கையில் விலங்கில்லை, நம் காலில் சங்கிலியில்லை, சரி! நம் பிள்ளையின் நாக்கிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கிப் போட, நம் கையையே வாங்கி வைத்திருக்கிறதே இந்த ஜன்னல்! ஹெட்டியின் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் முகத்தைப் பாருங்கள், குறை சொல்ல மனம் வருமா? தன் மகளுக்கு ஏழு ஆண்டைச் சம்பாதிக்க அவரிடம் வேறென்ன இருந்தது? குறை அவருடையது இல்லை. ஒரு பிள்ளையின் எழுத்தை ஒரு தட்டிலும், அவள் ஆண்டுகளை மறு தட்டிலும் வைத்து, "தேர்ந்தெடு" என்று ஒரு தாயிடம் நீட்டிய அந்தத் தராசுதான் குறை!

இப்போது மிங்க் மாமாவிடம் வருகிறேன். மாமா காலையில் நான் கை தூக்கியதும் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "ரெண்டே வருஷம்டி! மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆத்துல முங்குற மாதிரி. எந்திரிச்சா அக்கரை!" என்றார். மாமா, நீங்கள் சொல்வதில் பொய்யில்லை. ஏழு ஆண்டு என்றால் எனக்குத் தெரியாதா? ஏழு பனிக்காலம் விரல் வெடிக்கத் துணி துவைப்பது. ஏழு கோடை வைக்கோல் சுமப்பது. என் அம்மா தனக்கென்று ஓர் அறை பிடித்து, அதில் எனக்கென்று ஒரு பாயை விரித்து, அந்தப் பாய் ஏழு ஆண்டு மடிக்காமல் கிடப்பது. எனக்குப் பயமில்லை என்று நினைக்கிறீர்களா?

ஆனால் மாமா, காலையில் இசையா ஐயா கேட்டாரே, "யாருக்காவது வாசிக்க வருமா?" என்று. அப்போது ஒரு மௌனம் விழுந்ததே, அதைக் கேட்டீர்களா? நம்மை விடுதலை செய்த சட்டம் நம் கையில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் நடுவில் நின்றார்கள். வாசிக்க ஒருவரும் இல்லை! அடுத்த ஆண்டு ஆல்பனியில் இன்னொரு சட்டம் எழுதுவார்கள். அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. அவை நமக்கு என்ன செய்கின்றன என்று நமக்கு யார் சொல்வது? காற்றடிக்காத ஒவ்வொரு நாளும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதா நம் வேலை? பதினெட்டு வயதில் ஹெட்டி வெளியே வருவாள். நல்லது. கையில் ஒரு தாளைக் கொடுத்து "கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் போடு" என்பார்கள். போடுவாள். என்ன தாள் என்று யாரைக் கேட்பாள்? எழுத்தையெல்லாம்தான் மறந்தாகிவிட்டதே!

ஐம்பது ஆண்டுக்கு முன் இந்த நாட்டில் எல்லோரும் சமம் என்று எழுதினார்கள். எழுதினார்கள், உண்மை. அதை அவர்கள் நேற்று உரக்க வாசித்தார்கள், பீரங்கி முழக்கினார்கள். நாம் மறுநாள் கொண்டாடுகிறோம். அவர்கள் நாளில் தெருவில் நின்றால் நம் மேல் கல் விழும் என்பதால் மறுநாள் கொண்டாடுகிறோம். இருக்கட்டும்! நம் நாள் ஐந்தாம் தேதியாகவே இருக்கட்டும்! ஆனால் நம் நாளிலாவது நம் குரல் இருக்க வேண்டாமா? நாம் வாசித்தால்தானே, எந்த வரியில் நம்மை விலக்கி வைத்தார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடியும்? காட்டினால்தானே, "இதை மாற்று" என்று கேட்க முடியும்?

ஆகவே இந்தச் சபையின் முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இசையா ஐயா, நீங்கள் ஒரு மனு தொடங்குங்கள். பிள்ளைகளின் வேலைக்காலத்தை நீக்கு என்று கேளுங்கள். அதில் நாம் கீறல் போட வேண்டாம், பெயர் எழுதுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் நிறையட்டும். நான் திரும்பிப் போகும் வீட்டில் ஞாயிறு மாலை எனக்கு விடுப்பு உண்டு. எழுத்து தெரியாதவளாக இனி நடிக்க வேண்டாம் என்பதால் எனக்கு நிறைய நேரமும் மிச்சம். வந்து கற்றுத் தருகிறேன்.

யாரது? நான்ஸ் அத்தையா? என்ன சொல்கிறீர்கள்? "மனப்பாடமாச் சொல்லுடி, தாளைப் பாக்காதே, கண்ணை மூடிக்கோ. வாசிச்சான்னு எவன் சத்தியம் பண்ணுவான்?" அடடா, அத்தை! இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் ஆல்பனிக்குப் போகாமல் கோழி வளர்க்கிறீர்கள்? எனக்குச் சட்டம் மனப்பாடம்தான். கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். சட்டமும் ஒலிக்கும், ஏழு ஆண்டும் தப்பும். நினைத்துப் பார்த்தேன், அத்தை. ஆசைப்பட்டும் பார்த்தேன். ஆனால் நான் கண்ணை மூடினால், ஹெட்டி எதைக் கற்பாள்? மூடத்தானே கற்பாள்?

யோஸ்ட் ஐயா! இத்தனை காலம் எனக்காக வாயைக் கட்டி வைத்திருந்தீர்கள். நன்றி. இனி உங்கள் அம்மாவிடம் மறைக்க வேண்டியதில்லை. தாராளமாகச் சொல்லுங்கள். நான் நேராக வைத்துத்தான் வாசித்தேன் என்றும் சொல்லுங்கள், அதுவும் வரும் என்று தெரியட்டும்.

என் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், அத்தோடு முடித்துக்கொள்கிறேன். காலையில் கை தூக்கிவிட்டு அவளிடம் ஓடினேன். அவள் என் தோளில் ரிப்பன் குத்தினாள். ரிப்பனைக் கழற்றினாள், மறுபடி குத்தினாள்.

"நேத்துதான்டி என் கை எனக்குன்னு ஆச்சு. உன் ரெண்டு கையும் சேந்தா நாலு, ஊரையே வாங்கலாம்னு நெனைச்சிருந்தேன்" என்றாள்.

"வேணாம்னு சொல்லும்மா. வாசிக்கல."

"நான் ஏன் சொல்லணும்? இத்தன வருஷமா எனக்கு எல்லாத்தையும் வேற ஆளு சொன்னாங்க. ஒனக்கு நான் சொல்லவா?" மறுபடி ரிப்பனைக் கழற்றினாள். "உன் வருஷம், உன் வாய். ஆனா ஒண்ணு. ஏழு வருஷத்தைக் கொட்டிக் குடுத்து வாசிக்கிற. எப்பவும் போல முனகித் தொலைக்காதே. கடைசி வரிசைக்குக் கேக்கலைன்னா, மேடைன்னும் பாக்க மாட்டேன், வந்து முதுகுல ஒண்ணு வெப்பேன்."

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், கடைசி வரை காயை எறியாத தம்பிகளுக்கும், இன்னும் ஆற்றில் நிற்கும் அந்தப் படகுக்கும் என் நன்றி. விடுதலை பெற்றவர்களுக்கு வாழ்த்து. பெறப்போகிறவர்களுக்கு இன்னும் பெரிய வாழ்த்து. எல்லோருக்கும் என் வணக்கம்.

ஹெட்டி, மேலே வா. என் பக்கத்தில் நில். விரலை இந்த முதல் வரியில் வை. நான் போகப் போக நீயும் நகர்த்து. எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

"நியூயார்க் மாநிலத்து மக்கள் இதனால் சட்டமாக்குவதாவது: ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஜூலை மாதம், நான்காம் நாளுக்கு முன், இம்மாநிலத்தில் பிறந்த ஒவ்வொரு கறுப்பரும்..."